நூற்று நாற்பத்து மூன்று வெறும் நிலங்கள்

கொத்தலம்பட்டியில் நான் பார்த்த முதல் விவசாயி சீனிராசு. டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்தார். பின்னால் விதைப்புக் கருவி. அதன் பெட்டியில் உளுந்து விளிம்பு வரைக்கும் நிறைந்து, வண்டி ஆடின ஆட்டத்தில் நாலு விதை என் செருப்பின் மேலேயே வந்து விழுந்தது.

"என்ன விதைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"நானா? ஒண்ணும் இல்ல தாயி. வெறும் நிலந்தான்."

என் கையில் இருந்த பலகை அதைக் கேட்டுக்கொண்டது. "பதிவு செய்யப்பட்டது. சாகுபடி இல்லை," என்று மரியாதையாகச் சொன்னது. சீனிராசு பலகைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, டிராக்டரைக் கிளப்பி, உளுந்தை விதைக்கப் போய்விட்டார்.

என் பெயர் ஆவுடை. சொந்த ஊர் சங்கரன்கோவில். வேலை, மழை எழுத்தர். அதாவது, ஒவ்வொரு ஊருக்கும் போய் யார் யார் எந்த நிலத்தில் என்ன விதைக்கிறார்கள் என்று அவரவர் குரலில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அதை வைத்துத்தான் அந்த ஊருக்கு எப்போது, எவ்வளவு மழை என்று முடிவாகும். முடிவு செய்வது மனுஷர்கள் இல்லை, தாலுகா அலுவலகத்தில் இருக்கிற இயந்திரம். என் பலகை அதன் வாயும் காதும். பெண் குரலில் பேசுவதால் எல்லா ஊரிலும் அதற்குப் பங்கீட்டம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது.

புரட்டாசி இருபத்தைந்து, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பட்டியல் மூடப்படும். நான் போய்ச் சேர்ந்தது இருபதாம் தேதி. நூற்று நாற்பத்து மூன்று நிலம், ஐந்து நாள். தாராளமாக முடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

முடித்தும்விட்டேன். இருபத்து மூன்றாம் தேதி மத்தியானத்துக்குள் நூற்று நாற்பத்து மூன்று பேரும் பதில் சொல்லிவிட்டார்கள். நூற்று நாற்பத்து மூன்றும் வெறும் நிலம். கம்பு விதையைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு ஒருவர் சொன்னார். பருத்தி விதையைச் சாணியில் புரட்டிக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், "இந்த வருஷம் நிலத்துக்கு ஓய்வு," என்று செந்தமிழில் சொன்னார். அவர் வேட்டியில் மக்காச்சோள விதைக்கு ஏற்றுகிற சிவப்பு மருந்து முழங்கால் வரைக்கும் இருந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. புதுசாக வந்தவள் என்று ஊரே கூடிக் கேலி பண்ணுகிறது என்று நினைத்தேன்.

நான் தங்கியிருந்தது செல்லக்கனி அக்கா வீட்டில். நாற்பதுக்கு இரண்டு குறைவு. பதினாறு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிவிட்டு, இந்த வருஷம்தான் வேலையை விட்டு அப்பாவின் இரண்டரை ஏக்கரைச் சொந்தமாகப் பண்ணப் போகிறேன் என்று இறங்கியிருந்தாள். விலகல் கடிதத்தை வாங்கிக்கொண்டு மேஸ்திரி, "மார்கழிக்குள்ள திரும்பி வருவே, இடத்த வச்சிருக்கேன்," என்று சொன்னாராம். அந்த ஒரு வார்த்தை அவளைச் சோறு இறங்கவிடாமல் பண்ணிக்கொண்டிருந்தது. தினமும் ஒரு தடவையாவது எனக்கு அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அவள் வீட்டில் நுழைந்த நிமிஷம் நான் ஏழு தும்மல் தும்மினேன். மூலையில் சுளகு நிறைய மிளகாய் விதை. கண் எரிந்தது, மூக்கு ஒழுகியது.

"உங்க நிலத்தில் என்னக்கா?" என்றேன் தும்மலுக்கு நடுவே.

"வெறும் நிலந்தான் ஆவுடை," என்றாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அன்றைக்கே சாயங்காலம் சுளகை எடுத்துக்கொண்டு போய் விதைத்துவிட்டும் வந்தாள்.

இருபத்து மூன்றாம் தேதி பலகையில் வந்த முடிவைப் பார்த்துவிட்டு நேரே அவளிடம்தான் போனேன். *கொத்தலம்பட்டி. சாகுபடி இல்லை. பங்கீடு: பூஜ்யம்.*

"அக்கா, இது என்ன விளையாட்டு? உங்க ஊருக்கு மழை கிடையாதுன்னு வந்திருச்சு."

"மழை கிடையாதா? அதெப்படி? மேகம் வந்தா பெய்யத்தானே செய்யும்?"

"அது அந்தக் காலம். கடலுக்குள்ளே உப்புப் பொடி ஊதுற மிதவை வரிசையா நிக்குதுல்ல? அதுக மழையை உண்டாக்காது. வர்ற மேகத்தை எங்கே இறக்குறதுன்னு மட்டும் பார்க்கும். பஸ் மாதிரின்னு வச்சுக்கோங்க. வர்ற பஸ் வரத்தான் செய்யும். கை காட்டுற ஸ்டாப்பில் நிக்கும். கை காட்டாத ஸ்டாப்பில் நிக்காமல் போயிரும்."

"நாங்க கை காட்டலையா?"

"நூத்து நாப்பத்து மூணு பேரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க. பக்கத்து ஊரில் கிரிக்கெட் மைதானத்துக்கும் சேர்த்து நெல்லுன்னு எழுதிக் கொடுத்திருக்கான். உங்க மேகம் அங்கே போய் நிக்கப் போகுது."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். முகம் சுண்டிவிட்டது.

"புழுதியில போட்ட விதை ஆவுடை. இருபது நாள் தாங்கும். அதுக்குள்ள ஒரு மழை விழலன்னா எறும்பு தின்னது போக மிச்சம் வெந்து போகும். வேற விதை எங்கிட்ட இல்ல. மறுபடி தீப்பெட்டி ஆபீஸ்தான். மேஸ்திரி சிரிப்பான்."

"அப்போ சொல்லுங்க. இப்பவே மாத்தி எழுதுறேன். என்ன விதைச்சீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"வெறும் நிலந்தான்," என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. "வர மாட்டேங்குது. முளை தலை காட்டுற வரைக்கும் சொந்த விதை பேரச் சொல்லக் கூடாது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாக? எங்கப்பா எங்கம்மா கிட்டக்கூடச் சொன்னதில்ல."

கண்ணேறு மட்டும் இல்லை, வேறு கதையும் இருந்தது. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒருவர் டீக்கடையில் வாய்விட்டு, "இந்த வாட்டி நான் சீனியவரை போடப் போறேன்," என்று சொல்லிவிட்டாராம். கைராசிக்காரர். கேட்டவன் எல்லாம் சீனியவரை போட்டான். ஊர் முழுக்கச் சீனியவரைக்காய். சந்தையில் சீந்துவார் இல்லாமல் மாட்டுக்குப் போட்டு, மாடும் மூன்றாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். அதிலிருந்து இந்த வழக்கம். யோசித்தால் எங்கள் இயந்திரம் செய்கிற வேலையில் பாதியை இவர்கள் வாயைக் கட்டியே செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"போன வருஷம் என்ன பண்ணினாங்க?"

"போன வருஷம் ஒரு தம்பி எழுத வந்துச்சு. எல்லாரும் வெறும் நிலம்னு சொன்னதும் சிரிச்சுக்கிட்டே தானா மக்காச்சோளம்னு எழுதிட்டுப் போயிருச்சு. மக்காச்சோளத்துக்குப் பெய்யுற மழை பெஞ்சுச்சு. மார்கழியில ஊர் உளுந்தெல்லாம் காய்ஞ்சு நிக்கையில ரெண்டு நாள் விடாமக் கொட்டி, செடியிலயே முளைச்சுப் போச்சு. பாதி ஊரு அழுதுச்சு."

அதனால்தான் இந்த வருஷம் எழுத்தர் யாரும் தானாக எழுதக் கூடாது, விவசாயி குரல் வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. தாலுகா அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மேலதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"அவங்க வாயால சொன்னதைத்தானேம்மா பதிவு பண்ணினோம்? அப்புறம் என்ன?" என்றார். வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் எரிச்சல். முன்னெல்லாம் மழை கெட்டவன் காட்டிலும் பெய்தது, ஊமையன் காட்டிலும் பெய்தது. இப்போது கேட்டவனுக்குத்தான் மழை. கேட்கத் தெரியாதவனுக்கு மேகத்தின் நிழல் மட்டும் தலைக்கு மேலே போகும். இப்படி ஒரு வேலைக்கு நான் வந்து சேர்ந்தேனே என்று அன்றைக்குத்தான் முதல் முதலாக வெட்கப்பட்டேன்.

மறுநாள் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து கடுங்காப்பியை முறைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஆரவாரம்.

"சீனிராசு வெறும் நிலம்னு பதிஞ்சிருக்கானாமே!"

"அவனா? தெக்குக் காட்டுல மூணு ஏக்கர் உளுந்து, மேக்க ஒன்றரை ஏக்கர் பாசி. உளுந்து கூட நாலு சால் சூரியகாந்தியும் போட்டிருக்கான். கிளிய அந்தப் பக்கம் இழுக்கணும்ல."

"பாசி பதினெட்டாம் தேதியே போட்டுட்டான். விதை நம்ம மாமா வீட்டு விதை."

நான் டம்ளரை வைத்தேன்.

"அண்ணாச்சி, இதெல்லாம் சீனிராசு உங்ககிட்டச் சொன்னாரா?"

பெஞ்சில் இருந்தவர் பதறிவிட்டார். "சே, சே. அவன் எப்படிச் சொல்லுவான்? உழவு சால் பாத்தாத் தெரியாதா? உளுந்துக்கு ஒரு மாதிரி ஓட்டுவாக, மிளகாய்க்கு ஒரு மாதிரி. அவன் பொண்டாட்டி எந்த வீட்டுல விதை வாங்குனான்னு தெரியாதா? ஊருல இருக்கவன் கண்ணு என்ன புண்ணா?"

"அடுத்தவர் நிலத்தைப் பத்திச் சொல்றதுக்குத் தடை ஒண்ணும் இல்லையா?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு கேள்வியை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"அடுத்தவன் சமாசாரத்தப் பேசக் கூடாதுன்னா அப்புறம் டீக்கடை எதுக்கு?" என்றார் அவர்.

நான் பலகையை எடுத்தேன். "பங்கீட்டம்மா, விதியைப் படி. யார் குரல் வேணும்?"

"நிலத்தை நேரில் அறிந்த, அவ்வூர்ச் சாகுபடியாளரின் குரல்."

"அது அந்த நிலத்துச் சொந்தக்காரர்தானா?"

"அப்படிக் குறிப்பிடப்படவில்லை."

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் கடைக்காரம்மா கடுங்காப்பிக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டாள்.

காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். வீடு வீடாகப் போய், "உங்க பக்கத்து நிலத்தில் என்ன?" என்று கேட்டேன். அவ்வளவுதான், மடை உடைந்தது. பெயர், பரப்பு, விதைத்த தேதி, விதை வந்த வழி, அடியுரம் போட்டானா இல்லையா, எல்லாம் வந்தது. "வாத்தியார் மக்காச்சோளத்த நெருக்கிப் போட்டிருக்காரு, சொன்னாக் கேக்க மாட்டாரு, கூட ஒரு மழை எழுதிக்கோங்க," என்றாள் ஒரு மதினி. சீனிராசு தன் நிலத்துக்கு வெறும் நிலம் என்று சொன்ன அதே வாயால், சுற்றி இருந்த ஒன்பது நிலங்களின் சரித்திரத்தையும் ஒப்பித்தார். இதுவரை எந்த ஊரிலும் இவ்வளவு சுத்தமான பட்டியல் எனக்குக் கிடைத்ததில்லை. தன் நிலத்தைப் பற்றிப் பேசும்போது மனுஷன் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோதான் சொல்வான். அடுத்தவன் நிலத்தை அளக்கையில் ஒரு அங்குலம் பிசகாது.

இருபத்தைந்தாம் தேதி காலையில் நூற்று நாற்பத்து ஒன்று முடிந்துவிட்டது. பாக்கி இரண்டு. ஊர்க் கோடியில், ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் கண்மாய்க் கரை, நடுவே ஒட்டிக்கொண்டு கிடந்த இரண்டு நிலம். அவற்றைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் நிலத்துக்கு இன்னொருவர்தான் சாட்சி.

ஒன்று செல்லக்கனியுடையது. இன்னொன்று அவளுடைய பெரியப்பா மகன் வெயிலுமுத்துவுடையது. இரண்டு பேருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. இரண்டு நிலத்துக்கும் இடையே இருக்கிற பொழி வரப்பில் ஒரு பனை நின்றது. அது யாருடையது என்று சண்டை. பனை இடி விழுந்து செத்து மூன்று வருஷம் ஆகிறது. சண்டை மட்டும் பச்சையாக நின்றுகொண்டிருந்தது.

அக்காவிடம் போனேன். "வெயிலுமுத்து அண்ணாச்சி நிலத்தில் என்னக்கா?"

"யாரு அது?" என்றாள்.

"அக்கா, மணி பத்து. அஞ்சு மணிக்கு மூடிருவாங்க."

"மூடட்டும். அவுகளப் பத்தி நான் எதுக்குப் பேசணும்? எங்கப்பா செத்ததுக்கு வாசல்ல நின்னுட்டுப் போனாக, உள்ள வரல."

"நீங்க சொல்லலைன்னா அவர் நிலம் வெறும் நிலம். அவர் சொல்லலைன்னா உங்க நிலம் வெறும் நிலம்."

அவள் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெயிலுமுத்து அண்ணாச்சி ஐம்பதைத் தாண்டியவர். பேர் வைத்த நேரமோ என்னவோ, முகத்தில் எப்போதும் வெயில்தான். வேப்பமரத்தடியில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முழுசும் கேட்டார்.

"இருக்க எடம் தெரியாத நிலத்தப் பத்தி எங்கிட்டக் கேக்குறீகளே தங்கச்சி," என்றார்.

"உங்க பொழிக்கு அந்தப் பக்கம் இருக்குற நிலம் அண்ணாச்சி."

"பொழிக்கு அந்தப் பக்கம் நான் பாக்குறதில்ல."

அதற்கு மேல் அவரிடம் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. ஆட்டிடம் பேசினார், என்னிடம் பேசவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க எனக்கு அந்தச் சுளகுதான் ஞாபகம். யாரோ இரண்டு பேர் செத்துப்போன பனைமரத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் அந்த விதை மண்ணுக்குள் வேகப் போகிறது. அழுகை வந்தது. அழுதேன், அதில் என்ன வெட்கம்.

மூன்றரை மணிக்கு நான் ஊர்ச்சாவடியில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்லக்கனி அக்கா வந்தாள். உட்காரவில்லை.

"உளுந்து," என்றாள். "ரெண்டு ஏக்கர். பதினேழாம் தேதி போட்டது. மார்கழி பத்துக்கு மேல ஒரு சொட்டு விழக் கூடாதுன்னு எழுது. போன வருஷம் முளைச்சுப் போன உளுந்துல அவுகளோடதுதான் அதிகம். காட்டுலயே உக்காந்துட்டாக. நான் பாத்தேன்."

"மார்கழிக் கடைசியில் உங்க மிளகாய்க்கு ஒரு தண்ணி வேணுமே அக்கா. ரெண்டு நிலமும் ஒரே மழைக் கட்டத்தில் இருக்கு. பொழிக்கு இந்தப் பக்கம் பெய்து அந்தப் பக்கம் நிற்காது."

"எனக்கு ஏது மிளகாய்? வெறும் நிலம்," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

நாலு மணி. நாலரை. நாலே முக்கால். பங்கீட்டம்மா தானாகவே, "பட்டியல் மூடப் பதினைந்து நிமிடம்," என்றது. அதை ஓடைக்குள் வீசிவிடலாமா என்று இருந்தது.

நாலு ஐம்பதுக்கு ஒரு ஆடு சாவடிக்குள் வந்தது. ஆட்டுக்குப் பின்னால் கயிறு, கயிற்றுக்குப் பின்னால் வெயிலுமுத்து அண்ணாச்சி. என்னைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஆட்டைப் பார்த்துப் பேசினார்.

"ரெண்டரை ஏக்கர். முண்டு மிளகாய். ஊடே மல்லி. கண்மாய்க் கரைப் பக்கம் ஒரு சால் சீனியவரை போட்டிருக்கா, அது வீட்டுச் செலவுக்கு. விதைச்சது இருபதாம் தேதி சாயங்காலம்."

நான் மூச்சு விடாமல் பலகையை நீட்டினேன்.

"விதைய ஆழமாப் போட்டுட்டா. கைப்பழக்கம் இல்ல, தீப்பெட்டி அடுக்குன கை. மொத மழை படீர்னு அடிச்சா மேல்மண்ணு ஓடு மாதிரி எறுகிரும், முளை முட்டிப் பாத்துட்டுச் செத்துப் போகும். மெதுவாப் பெய்யணும். ரெண்டு மணி நேரம், மெதுவா. மெதுவான்னு எழுதுங்க. அப்புறம் மார்கழிக் கடைசியில ஒரு மழை வேணும், அது இல்லன்னா காய் தெரளாது."

"அண்ணாச்சி, அப்போ உங்க உளுந்து?"

"எனக்கு ஏது உளுந்து?" என்றார். ஆடு முன்னால் போக, அவரும் போய்விட்டார்.

மணி நாலு ஐம்பத்தாறு. பலகை பேசவில்லை. வழக்கமாக அரை நொடியில் பதில் வரும். நான் எண்ணினேன், பதினொரு நொடி.

"இரண்டு கோரிக்கைகளும் முரண்படுகின்றன. இருவரும் தமக்கு எதிராகக் கேட்கிறார்கள். இவ்வகைப் பதிவு இதற்கு முன் இல்லை," என்றது.

"முன்னே இல்லைன்னா என்ன? இப்போ இருக்கு. ஒரு வழி பண்ணு."

"மார்கழி எட்டு, மெதுவான மழை, சற்று கூடுதலாக. அதன்பின் வறட்சி. உளுந்துக்கு இடர் இல்லை. மிளகாய்க்குப் போதும்." அதோடு நிற்கவில்லை. "ஓர் ஐயம். இந்த ஊரில் நூற்று நாற்பத்து மூவர் தம் நிலம் வெறும் நிலம் என்றார்கள். நூற்று நாற்பத்து மூன்றிலும் விதை இருக்கிறது."

"ஆமா."

"குறித்துக்கொண்டேன்," என்றது. மணி ஐந்து அடித்தது.

ஐப்பசி பிறந்தது. முளைத்ததைப் பார்த்து எழுதும் வரைக்கும் எழுத்தர் ஊரை விட்டுப் போகக் கூடாது என்பதால் நான் அக்கா வீட்டிலேயே இருந்தேன். சுற்று வட்டாரத்தில் எல்லா ஊருக்கும் மழைத் தேதி வந்துவிட்டது. கிரிக்கெட் மைதானத்துக்கு முதல் மழையே விழுந்து, பையன்கள் கோபமாக இருந்தார்கள். எங்களுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. ஐப்பசி நாலாம் தேதி காலையில் அக்கா காட்டுக்குப் போய் ஒரு இடத்தில் மண்ணைக் கீறிப் பார்த்துவிட்டு வந்து, "எறும்பு வந்திருச்சு," என்று மட்டும் சொன்னாள். நான் பலகையை எடுத்தேன்.

"பங்கீட்டம்மா, கொத்தலம்பட்டிக்கு எப்போ மழை?"

"கொத்தலம்பட்டிக்கா? மழையா? ஒன்றும் இல்லை. வெறும் வானம்தான்."

எல்லாம் வீண். அந்தப் பட்டியல், அந்த ஆடு, அந்தப் பதினொரு நொடி, எல்லாம். அடுப்படிக்கு ஓடினேன்.

"அக்கா, மோசம் போயிட்டோம். வெறும் வானம்னு சொல்லிருச்சு."

அக்கா கையிலிருந்த கரண்டியை வைத்தாள். "எப்படிச் சொன்னா? சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன்.

"'மழையா?'ன்னு நம்மளயே திருப்பிக் கேட்டாளா?"

"ஆமா."

"'ஒண்ணும் இல்ல'ன்னும் சொன்னாளா?"

"ஆமாக்கா."

செல்லக்கனி அக்கா அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தாள். நான் அங்கே வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். "அடியே, விறகை உள்ள எடு! அந்த வத்தலை எடு! கொட்டப் போகுது!"

செய்தி எப்படித்தான் பரவியதோ. கால் மணி நேரத்தில் ஊரே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சீனிராசு டிராக்டருக்குத் தார்ப்பாய் போட்டார். வாத்தியார் ஓட்டைக் குடையோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. எனக்கு மட்டும்தான் பயம்.

மூன்று மணிக்குக் கிழக்கே கறுத்தது. மூன்றரைக்கு விழுந்தது. படீரென்று இல்லை. பூவாளியில் ஊற்றுவது போல, மெதுவாக, ஒரே சீராக, ஐந்தரை மணி வரைக்கும். அக்கா காட்டுக்கு ஓடிப்போய் நனைந்துகொண்டே நின்றாள். நானும் நின்றேன். கரிசல் மண் மேலே இறுகாமல், உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்து தலையைத் துவட்டிக்கொண்டு பலகையைக் கேட்டேன். "ஏன் பொய் சொன்னே?"

"முளை வரும் முன் சொல்வது வழக்கமில்லை," என்றது பங்கீட்டம்மா.

அக்டோபர் கடைசியில் கருவி நிலவரம் என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில், 'பழுது ஏதும் உண்டா?' என்று ஒரு கேள்வி. ரொம்ப நேரம் யோசித்தேன். ஒரு இயந்திரம் தாலுகா முழுவதும் தேதி சொல்லிவிட்டு ஒரே ஒரு ஊருக்கு மட்டும் வாயை மூடிக்கொள்வது பழுதா, மரியாதையா? 'ஒன்றும் இல்லை' என்று எழுதி அனுப்பினேன். அப்படி எழுதின பிறகுதான் நானும் அந்த ஊர்க்காரி ஆகிவிட்டது உறைத்தது.

ஐப்பசி பதினேழாம் தேதி அக்காவோடு காட்டுக்குப் போனேன். இரண்டரை ஏக்கரும் முளைத்திருந்தது. இரண்டு இலை விட்ட மிளகாய், ஊடே மெல்லிசாக மல்லி, கரையோரம் சீனியவரை. கரிசலின் கறுப்பில் பச்சை எங்கே பார்த்தாலும் பளிச்சென்று தெரிந்தது. மேஸ்திரிக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பலாமா என்று கேட்டேன். "காய் பறிச்சப்புறம் ஒரு படி வத்தலே அனுப்புவோம், தும்மிச் சாகட்டும்," என்றாள்.

பொழிக்கு அந்தப் பக்கம் வெயிலுமுத்து அண்ணாச்சி களை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உளுந்து கணுக்கால் உயரத்துக்கு வந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். செத்த பனையின் அடிக்கட்டை வரைக்கும் நடந்து வந்தார். அதற்கு மேல் வரவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். அக்காவின் காட்டைக் கோடி முதல் கோடி வரை பார்த்தார். ஒவ்வொரு சாலாக எண்ணுகிற மாதிரி இருந்தது.

"என்ன போட்டிருக்கே?" என்றார்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஆறு வருஷத்துக்கு அப்புறம் வந்த முதல் கேள்வி.

"ஒண்ணும் இல்லண்ணே," என்றாள். "வெறும் நிலந்தான். உங்களுக்கு?"

"நமக்கும் அதான் தாயி," என்றார் அவர். "வெறும் நிலந்தான்."

இரண்டு பேரும் பனங்கட்டையின் மேல் ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள்.